தங்கமணி, பெண், வேலை இல்லை

தப்பைத் திருத்தியதுதான் கனிஷ்கா செய்த தப்பு. ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘பெண்’ என்று போட்டாள், அவ்வளவுதான். எதிரே மூக்குத்தியும் தாலிக்கொடியுமாக உட்கார்ந்திருந்த ஐம்பத்தெட்டு வயது அம்மாளைப் பார்த்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் மற்றவர்கள் செய்துவிட்டு மறந்துபோவார்கள். கனிஷ்காவுக்குத் தப்பைத் திருத்துவதில் ஒரு தனி ருசி உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் சந்திப்பிழையைப் பார்ப்பாள். பலகையில் ‘சூடாண டீ’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடைப் பக்கம் ஒதுங்க மாட்டாள். இப்படிப்பட்டவளிடம் ஆயிரத்து நானூறு நோயாளிகளின் பதிவேட்டைக் கொடுத்து, பிழை இருந்தால் சரிசெய்யம்மா என்று சொன்னால் கேட்கவா வேண்டும்?

கோபிசெட்டிபாளையத்தில் இருந்த இதயக் கருவி மையத்தில் அவளுக்கு டெக்னீஷியன் வேலை. பேஸ்மேக்கர் என்றால் நெஞ்சைக் கிழித்து, தோலுக்கடியில் டப்பி வைத்து, அதிலிருந்து ஒயர் இழுக்கும் காலம் மலையேறிவிட்டது. இப்போது புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. தொடை ரத்தக்குழாய் வழியாக அனுப்பி இதயத்துக்குள்ளேயே உட்காரவைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும் என்பதைக் கருவியும் முடிவு செய்வதில்லை, டாக்டரும் முடிவு செய்வதில்லை. ‘சீர்’ என்று ஒரு மென்பொருள், கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, அத்தனை பேருடைய இதயத்துக்கும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை மையத்துக்கு நேரில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும்.

அப்படி முகத்தைக் காட்டத்தான் கூகலூரிலிருந்து தங்கமணி வந்திருந்தார்.

“ஏனுங்கம்மா, உங்க பதிவுல நீங்க ஆம்பளைன்னு இருக்குதுங்க” என்று சிரித்தாள் கனிஷ்கா.

தங்கமணியும் சிரித்தார். “பவானியில கேம்ப் போட்டப்ப எழுதுன தம்பி பேர மட்டுந்தான் கேட்டுச்சு அம்மிணி. தலையத் தூக்கி ஆளப் பாக்கவேயில்ல.”

அந்தத் தம்பியையும் குறை சொல்ல முடியாது. கொங்குநாட்டுச் சந்தையில் நின்று ‘தங்கமணி’ என்று சத்தம் போட்டால் இரண்டு ஆணும் மூன்று பெண்ணும் திரும்பிப் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டவன் ஆண் என்று எழுதிவிட்டான். கிராமத்து ஆண் என்றால் வேறென்ன செய்யப்போகிறான் என்று, தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம்’ என்றும் போட்டுவிட்டான்.

“நாலு வருசமா நீங்க ஆம்பளையாத்தான் இருந்திருக்கீங்க. பொம்பளையா மாத்தீரட்டுங்களா?”

“மாத்தீருங். என்ற ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பயந்துக்குவாரு.”

மாற்றியதும் அடுத்த கட்டம் திறந்தது. “விவசாயம்னு இருக்குதே, தோட்டம் பாக்கறீங்களா?”

“அதையெல்லாம் குத்தகைக்கு உட்டு ஏழு வருசமாச்சுங்.”

“அப்ப வேற எங்கயாச்சும் வேலைக்குப் போறீங்களா?”

“நானெங்கீங் போறது? ஊட்டுல சும்மாதான் இருக்கறேன்.”

கனிஷ்கா ‘வேலை: இல்லை’ என்று தட்டினாள். திரையில் தங்கமணி, பெண், வேலை இல்லை என்று சுத்தமாக, பிழையில்லாமல் வந்தது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

பதினோராம் நாள் தங்கமணி மறுபடி வந்தார். கூப்பிடாமலே வந்தார். மையத்தின் வாசலில் ஏழு படிகள்தான். ஏழையும் ஏறிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. கனிஷ்கா ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தாள். பேச்சு வர இரண்டு நிமிடம் ஆனது.

“ஒண்ணுமில்லீங் அம்மிணி. கொஞ்சம் கிறுகிறுன்னு வருது, அவ்வளவுதான். அவரத் தூக்கறப்ப மட்டும் கண்ணு இருட்டிக்குது. நேத்துத் தூக்கி நிறுத்துனவ அப்புடியே கைய உட்டுட்டனுங். நல்லவேளை, கட்டல்லயே உழுந்தாரு. தரையில உழுந்திருந்தா அவரு தலையும் போயிருக்கும், மேல நானும் போயிருப்பேன்.”

“யாரத் தூக்கறீங்க?”

“என்ற ஊட்டுக்காரரத்தான். பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாச்சுங். ஒரு பக்கம் சுத்தமா வராது. கட்டல்ல இருந்து சேருக்கு, சேர்ல இருந்து பாத்ரூமுக்கு, அங்கிருந்து மறுபடி கட்டலுக்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை ஆவுமுங். ஆளு எம்பத்திநாலு கிலோ. கவர்மெண்ட் பஸ் டிரைவரா இருந்தவரு, சாப்பாடு அப்புடி.”

“கூட யாரும் இல்லீங்களா?”

“புள்ள ஓசூர்ல. மாசத்துக்கு ஒருக்கா வரும்.”

கனிஷ்காவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “அன்னிக்கு வேலை எதுவும் இருக்குதுங்களான்னு கேட்டனே? சும்மா இருக்கேன்னு சொன்னீங்களே?”

தங்கமணி புரியாமல் பார்த்தார். “சும்மாதானுங் இருக்கறேன். ஊட்டுக்காரருக்குச் செய்யறதெல்லாம் ஒரு வேலையா?”

கனிஷ்கா கணினியைத் திறந்து தங்கமணியின் துடிப்பு வரைபடத்தை எடுத்தாள். நான்கு வருடமாக அது மேலும் கீழுமாக, உயிருள்ள ஒரு மனுஷியின் நாளைப் போல இருந்தது. தூங்கும்போது அறுபது, கோலம் போடும்போது எண்பது, கடைசி இரண்டு வருடமாக, கணவரைத் தூக்கும்போது நூற்றுப் பத்து. அவள் திருத்திய நாளிலிருந்து கோடு படுத்துவிட்டது. காலையில் அறுபது. மத்தியானம் அறுபது. எண்பத்துநான்கு கிலோவைத் தோளில் தாங்கி நிற்கும்போதும் அறுபது. அப்படித் தூக்கிய ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘பதற்றம். துடிப்பை உயர்த்தத் தேவையில்லை.’

ஓர் இதயத்தின் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்தது போல இருந்தது. அமுக்கியது அவள் கைதான்.

டாக்டர் வந்து பார்த்தார். அவசரத்துக்கு என்று டாக்டர் கையால் மாற்றி வைக்க ஒரு வழி இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு தடவை, மூன்றே மூன்று நாள். அதற்குப் பிறகு சீர் தன் கணக்குக்கே திரும்பிவிடும். சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் மாற்றி வைத்தார். ஐந்து நிமிடத்தில் தங்கமணியின் முகத்தில் ரத்தம் ஓடியது. படியில் இறங்கிப் போனவர், கீழே நின்று திரும்பி, “இப்ப நெம்பத் தேவுலீங் அம்மிணி” என்று கையை ஆட்டினார். மூன்று நாள், அதற்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று கனிஷ்கா அந்தக் கையைப் பார்த்தபடி நினைத்தாள்.

கோயம்புத்தூர் அலுவலகத்தில் சீரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன் பெயர் பிரணவ். நல்ல பையன்தான். திரையில் வரும்போதே சிரித்துக்கொண்டு வருவான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே கனிஷ்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேடம், நான் செக் பண்ணிட்டேன். சிஸ்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல.”

“அறுபதுல நிக்குது பிரணவ். ஒரு ஆளத் தூக்கறாங்க, அப்பவும் அறுபது.”

“அவங்க தூக்கறாங்கன்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? மூச்சு வேகமாகுது, ரத்தம் லேசா சூடாகுது. ஆனா உடம்பு இடம் மாறல. நடக்கல, ஓடல. நின்ன இடத்துலயே மூச்சு வாங்குது. அது உழைப்பா, பதற்றமான்னு சிஸ்டம் முடிவு பண்ணணும். உழைப்புன்னா துடிப்பை ஏத்தும். பதற்றம்னா ஏத்தாது. ஏத்துனா பேஷன்ட் இன்னும் பயந்துருவாங்க, பேட்டரியும் சீக்கிரம் தீரும்.”

“எத வச்சு முடிவு பண்ணுது?”

“பழைய பதிவுகள வச்சுத்தான். பதினெட்டு லட்சம் பேரோடது. ஆண்கள்ல முக்கால்வாசிப் பேர் விவசாயம், லோடு வேலை, டிரைவர், மில்லுன்னு எழுதியிருக்காங்க. அப்ப நின்ன இடத்துல மூச்சு வாங்குனா மூட்டை தூக்கறாருன்னு சிஸ்டம் கத்துக்கிச்சு. பெண்கள்ல நூத்துக்கு எழுபது பேர் ‘வேலை இல்லை’. வேலையே இல்லாம வீட்டுல இருக்கறவங்களுக்கு நாள் முழுக்க விட்டு விட்டு மூச்சு வாங்குதுன்னா, சிஸ்டம் அத வேற என்னன்னு நெனைக்கும்?”

“அந்த எழுபது பேருக்கும் வேலை இல்லைன்னு யாரு எழுதுனாங்க?”

பிரணவ் கொஞ்சம் தயங்கினான். “நீங்கதான் மேடம். அதாவது, உங்கள மாதிரி டெக்னீஷியன்ஸ். பேஷன்ட் சொன்னதத்தான எழுதுனீங்க? நாங்க சொந்தமா ஒரு வரிகூடச் சேக்கல.”

ஆறு வருடமாகக் கனிஷ்கா அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். ‘என்னம்மா பண்றீங்க?’ ‘சும்மாதான் இருக்கேன்.’ தட்டு, அடுத்த ஆள். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்தவர், ஐந்து பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்தவர், மருமகளின் இரட்டைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவர், எல்லாரும் சும்மா இருந்தார்கள். அவளும் எழுதினாள். கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை தேடும் மகாராணிக்கு இது பிழையாகப் படவில்லை.

“வருசா வருசம் அறிக்கை விடறீங்களே” என்றாள். “கருவி வெச்சதுக்கப்புறம் ஆம்பளைங்க தேறுற அளவுக்குப் பொம்பளைங்க தேறுறதில்லைன்னு. அது இதனாலதானா?”

“அப்படிச் சொல்ல முடியாது மேடம். பெண்களுக்கு ரத்தக்குழாய் சின்னது. கருவி வைக்கறப்பவே சிக்கல் கொஞ்சம் ஜாஸ்தி. லேட்டா வேற வர்றாங்க, நோய் முத்துனப்புறம். அவங்க உடம்பு வாகு அப்படி.”

“சரி, எல்லாம் நிஜமாவே இருக்கட்டும். இந்தம்மா நாலு வருசம் உங்க ஆம்பளைக் கணக்குல இருந்தாங்க. ஒரு குறை இல்ல. பொம்பளைக் கணக்குக்கு மாத்துன பதினோராம் நாள் ஏழு படி ஏற முடியல. இந்தப் பதினோரு நாள்ல ரத்தக்குழாய் சுருங்கிருச்சா பிரணவ்? உடம்பு வாகு மாறிருச்சா?”

பிரணவின் சிரிப்பு நின்றது. நேர்மையான பையன், யோசித்தான். யோசித்துவிட்டு, “ஒரே ஒரு கேஸ வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது மேடம்” என்றான்.

“அப்ப பழையபடி ஆணுன்னே மாத்திக் குடு.”

“பால் திருத்தம் ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை மாத்துனா மோசடின்னு எடுத்துக்கும். கருவியோட சேவையே நின்னுரும்.”

“நிஜத்த எழுதுனா அவங்க சாவாங்க. பொய்ய எழுதுனா மோசடி. வேற என்னதான் பண்றது?”

“வேலையை மாத்தலாம்” என்றான் பிரணவ், குரலைத் தாழ்த்தி. “பராமரிப்பாளர்னு ஒரு பிரிவு இருக்கு. அதப் போட்டுட்டா, நின்ன இடத்துல மூச்சு வாங்குறத உழைப்புன்னு எடுத்துக்கும். சம்பளம் வாங்கணும்னுகூட இல்ல. ஆனா அவங்களே சொன்னா செல்லாது. யாருகிட்ட வேலை பாக்கறாங்களோ அவரு குரல்ல ஆமான்னு ஒரு வார்த்தை பதியணும். ஒரே ஒரு வார்த்தை மேடம். அத வாங்கிருங்க.”

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கனிஷ்கா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கூகலூருக்குப் போனாள். குரல் சரிபார்ப்புக்குச் சீர் கொடுத்த நேரம் பன்னிரண்டரை. டாக்டர் வைத்த மூன்று நாள் பன்னிரண்டுக்கு முடிகிறது. நடுவில் அரை மணி நேரம்தானே, உட்கார்ந்திருந்தால் போகிறது என்று நினைத்தாள்.

ஓட்டு வீடு. முன்னறையில் இரும்புக் கட்டில். தங்கமணியின் கணவர் சென்னியப்பன் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய கை. கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். வலது கை துணிபோலக் கிடந்தது. இடது கை மட்டும் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது.

“பேச்சு எப்புடீங்?” என்று கேட்டாள் கனிஷ்கா.

“மூணு வார்த்தை வருமுங். மணி, வேண்டா, ஆமா.” தங்கமணி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். “அதுவே போதுமுங். குடும்பத்துக்கு வேற என்ன வார்த்தை வேணும்?”

ஆமா வரும் என்றதும் கனிஷ்காவுக்குப் பாதி உயிர் வந்தது.

“வாங்க, இவரச் சேர்ல உக்காத்தி வெச்சுருவோம்” என்று தங்கமணி சேலையை இடுப்பில் செருகினார். உதவிக்கு வந்த கனிஷ்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார். பழகாதவர்கள் பிடித்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளுமாம். கணவரின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, அவர் நெஞ்சைத் தன் நெஞ்சோடு சேர்த்து, முட்டியால் அவருடைய முட்டிக்கு முட்டுக்கொடுத்து, “எந்திரீங், எந்திரீங்” என்று தூக்கினார். ஓரடி நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பல்லைக் கடித்து, அந்த முழு மனிதரையும் தாங்கித் திருப்பி நாற்காலியில் இறக்கினார். டேப்லெட்டில் தங்கமணியின் துடிப்பு எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பன்னிரண்டு என்று ஏறி, அவர் உட்கார்ந்ததும் மெல்ல இறங்கியது. கனிஷ்கா அதைப் பார்த்தபடி நின்றாள். இதை வேலை இல்லை என்று எழுதிய விரலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒத்திகை ஆரம்பித்தது. கனிஷ்கா கணினிக் குரலைப் போல மூக்கால் பேசிக் கேட்டாள். “ஐயா, தங்கமணி உங்களிடம் வேலை பார்க்கிறாரா?”

“ஆமா” என்றார் சென்னியப்பன்.

ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் ஆமா. சாப்பிட்டீங்களா என்றாலும் ஆமா. வெளியில் மழை பெய்யுதுங்களா என்று, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கேட்டாள், அதற்கும் ஆமா. தங்கமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கல்யாணத்தன்னிக்கு இத்தன ஆமா சொல்லலீங் இந்த மனுசன்.” அவரும் இடப்பக்க உதட்டால் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு டேப்லெட்டில் எண் அறுபதுக்கு இறங்கியது. உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்த தங்கமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆச்சுங்களா மூணு நாளு?” என்று கேட்டார். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

“உக்காருங்கம்மா. அரை மணி நேரந்தான். எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க.”

பன்னிரண்டரைக்கு டேப்லெட் பேசியது. வானொலியில் செய்தி வாசிப்பவள் போன்ற பெண்குரல். “வணக்கம். திரு. சென்னியப்பன் அவர்களே, தங்கமணி என்பவர் தங்களிடம் பராமரிப்புப் பணியாளராகப் பணிபுரிகிறாரா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.”

சென்னியப்பன் டேப்லெட்டைப் பார்த்தார். கனிஷ்காவைப் பார்த்தார். இந்தச் சத்தம் அவருக்குப் புதிது. கனிஷ்கா ‘ஆமா’ என்று வாயை மட்டும் அசைத்துக் காட்டினாள். சாட்சியாக உட்கார்ந்திருப்பவள் பேசக் கூடாது, பேசினால் பதிவு செல்லாது.

பதில் வராததால் குரல் மறுபடி வந்தது. கிராமத்து மக்களுக்குப் புரிய வேண்டும் என்று கோயம்புத்தூரில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். “கேள்வி எளிய தமிழில் மீண்டும் கேட்கப்படுகிறது. தங்கமணி உங்கள் வேலைக்காரியா?”

சென்னியப்பனின் முகம் மாறியது. நெற்றியில் நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தது. வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு திறந்தது.

“இல்ல.”

கனிஷ்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வே... வேலக்காரி... இல்ல.” அவர் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் உள்ளே கிடந்தது ஒவ்வொரு துண்டாக வெளியே வந்தது. எச்சில் வழிந்தது, துடைக்கக்கூட விடாமல் தலையை ஆட்டினார். “ஊட்டு... ஊட்டுக்காரி. என்ற... ஊட்டுக்காரி.”

டேப்லெட் மறுபடி பேசியது. “நன்றி. ‘இல்லை’ என்ற பதில் பதிவு செய்யப்பட்டது. நோயாளி தங்கமணி இந்தப் பதிலை ஏற்றால் பச்சைப் பொத்தானை அழுத்தவும். மறுத்து, மீண்டும் பதிவு செய்ய விரும்பினால் சிவப்புப் பொத்தானை அழுத்தவும். ஏற்கப்பட்ட பதிலை ஓராண்டுக்கு மாற்ற இயலாது.”

கனிஷ்காவுக்கு மூச்சு வந்தது. “சிவப்புங்கம்மா! சிவப்ப அழுத்துங்க. மறுபடியும் கேக்கச் சொல்லலாம். இந்தத் தடவை மொதக் கேள்விக்கே ஆமா சொல்லிட்டாருன்னா போதும்.”

தங்கமணி அழுதுகொண்டிருந்தார். கனிஷ்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, எந்திரிக்காதீங்க என்று சொல்லியும் எழுந்து, கணவரின் முன்னால் போய் நின்றார்.

“கேட்டீங்களா அம்மிணி? முப்பத்தஞ்சு வருசம். ஏய்னு கூப்புடுவாரு, இல்லீனா மணின்னுவாரு. ஒறம்பரை, சொந்தம்னு யாராச்சும் வந்தா, உள்ள இருக்குது கேளுன்னுவாரு. நல்லா இருந்த காலத்துல வராத வார்த்தைங். ரெண்டு வருசமா மூணு வார்த்தைக்கு மேல வராத மனுசன்.”

“கேட்டனுங்கம்மா. ஆனா இது அந்தக் கணக்கு இல்ல. இது உங்க உசுருக்கு. வேலை இல்லைன்னு பதிஞ்சா ஒரு வருசத்துக்கு இதே அறுபதுதான். அடுத்த தடவை தரையில உழுந்தா என்ன பண்ணுவீங்க? அவர யாரு தூக்குவாங்க?”

“தெரியுமுங்.”

“தெரிஞ்சா சிவப்ப அழுத்துங்க. அவரு சொன்னது அவரு சொன்னதுதான், அத யாரு எடுத்துக்கப் போறா? இது வெறும் மிசினுக்கு.”

தங்கமணி கணவரைப் பார்த்தார். சென்னியப்பன் நெஞ்சு ஏறி இறங்க, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்ட பெருமை அந்தப் பாதி முகத்தில் இருந்தது. காது நன்றாகக் கேட்கும் மனிதர். சிவப்பு எது, பச்சை எது என்று அவருக்கும் தெரியும்.

“அவரு பாத்துக்கிட்டிருக்காருங்” என்றார் தங்கமணி மெதுவாக. “இவரு முன்னாடி நானெப்புடீங் இல்லைன்னு அழுத்துவேன்?”

கனிஷ்கா டேப்லெட்டைப் பின்னால் இழுத்தாள். இழுத்திருக்கக் கூடாதுதான், ஆனால் இழுத்தாள். தங்கமணி அவள் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போலப் பதமாக வாங்கினார். பச்சையை அழுத்தினார்.

“ஏற்கப்பட்டது. நன்றி” என்றது குரல்.

கனிஷ்காவுக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. யார்மேல் கோபப்படுவது? எளிய தமிழ் கண்டுபிடித்தவன் மேலா, சிரித்துச் சிரித்துப் பேசும் பிரணவ் மேலா, ஆயுளில் சொன்ன ஒரே நல்ல வார்த்தையை இந்த நேரம் பார்த்துச் சொன்ன மனிதர் மேலா, அதைக் கேட்டு உருகி நிற்கும் இந்த அம்மாள் மேலா? எல்லார் மேலும் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் என்ற ஒரு சொல்லைச் சும்மா விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று தன் மேல் வந்தது. டேப்லெட்டைச் சுவரில் அடித்து உடைத்தால் என்ன என்று தோன்றியது. உடைத்தாலும் கோயம்புத்தூரில் ஒன்றும் உடையாது.

தங்கமணி முந்தானையால் கணவரின் வாயைத் துடைத்துவிட்டார். “இன்னொருக்காச் சொல்லுங் பாக்கலாம்” என்று கெஞ்சினார். “ஊட்டுக்காரி” என்றார் சென்னியப்பன், இந்தத் தடவை தடங்கலே இல்லாமல். தங்கமணி அழுகையும் சிரிப்புமாக அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, புதுப்பெண் மாதிரி நின்றார்.

கனிஷ்கா திரையைப் பார்த்தாள். அறுபது. பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘பதற்றம். துடிப்பை உயர்த்தத் தேவையில்லை’ என்று வந்திருந்தது.